மரியாதையான எச்சில்

பேசக்கூடாதாம். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்தி வைத்து, ரப்பரைக் காதுக்குப் பின்னால் மாட்டி, "நல்லா இழு, மெதுவா விடு, வாயத் தொறந்து பேசப்படாது" என்று சொல்லிவிட்டு ஹெலன் சிஸ்டர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். என்னைப் பேசாதே என்பதும் கோழியைக் கிளறாதே என்பதும் ஒன்றுதான். சரி, வாய்தானே மூடியிருக்கிறது, உள்ளே ஓடுவதை எந்த மூடி போட்டு நிறுத்துவார்கள். மிஷின் டர்ரென்று ஓடுகிறது, குழாய் வழியாகப் புகை வருகிறது, புகை இல்லை, உப்புத் தண்ணீராம், அதைப் பொடிப்பொடியாக்கி நெஞ்சுக்குள் அனுப்பினால் உள்ளே ஒட்டிக் கிடக்கிற சளி கிளம்பி வருமாம். நாக்கில் கரிக்கிறது. கரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறாள், நான் உப்புக் கம்பெனியில் அதை 'முதல் தரம்' என்று அச்சடித்த பாக்கெட்டில் அடைத்து வாயை ஒட்டுகிறேன், சோறு தின்பது உப்பால், இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தால் இங்கேயும் உப்பு. இந்தத் தூத்துக்குடியில் எங்கள் குடும்பத்துக்கு வேறு ஒரு சாமானும் கிடையாது போல. சிரிக்காதே, சிரித்தால் மூடி நகர்கிறது, சிஸ்டர் முறைக்கிறார். இழு. விடு. இன்றைக்குச் சளி வந்தாக வேண்டும். எச்சில் இல்லை, சளி. அடி நெஞ்சிலிருந்து, கெட்டியாக. வந்தால் எனக்கு டி.பி. இருக்கிறதா இல்லையா என்று அங்கே உள்ளே இருக்கிற பரிசோதனைப் பெட்டி சொல்லிவிடும். இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு மாத்திரை, அதைவிட முக்கியம், எங்கள் அக்கா பிள்ளைக்கும் மருந்து. இல்லை என்று மறுபடியும் வந்தால், தெரியவில்லை, அதை நினைக்கவே எரிச்சலாக இருக்கிறது. இழு.

இந்தப் பின்பக்க வராந்தாவின் அந்தக் கோடியில் சிமெண்டு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மாஸ்க்கைத் தாடையில் போட்டுக்கொண்டு. மாஸ்க் தாடைக்குப் போடுகிற நகை என்று நினைத்திருக்கிறாள். எனக்கு நேர் எதிரே மாத்திரை வாங்க வந்த கோயில்பிள்ளை அண்ணாச்சி, லாரியில் மூடை ஏற்றுகிறவர், டி.பி. வந்து மருந்து சாப்பிட ஆரம்பித்து உடம்பு தேறிவிட்டது, சட்டைப் பித்தான் இழுத்துப் பிடிக்கிறது. வந்த உடனே எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமை. அவருக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டதாம். தெரியாமல் என்ன, அவர் காறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள் இருக்கிற எங்கள் வளவில் விடிவதே ஆம்பளைகள் குழாயடியில் நின்று காறுகிற சத்தத்தில்தான். அடிவயிற்றிலிருந்து கர்ர்ர்ரென்று கிளப்பி, வாய்க்குள் ஒருமுறை உருட்டி, துப்பென்று துப்பி, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் சின்னதில் ஒருநாள் அதே மாதிரி காறிப் பார்த்தேன், சும்மா விளையாட்டுக்கு. அம்மா ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தாள். "பொம்பளப் பிள்ள காறுதியாட்டி? ஒன்னயக் கட்ட வாரவன் தெருமுக்குலேயே திரும்பிப் போயிருவான்." அன்றைக்கு முழுங்க ஆரம்பித்ததுதான். சளி வந்தால் முழுங்கு. இருமல் வந்தால் தாவணியோ துப்பட்டாவோ வாயில் வைத்து அமுக்கு. எங்கள் வீட்டில் பொம்பளைகள் எல்லாரும் முழுங்குகிறவர்கள். அக்கா முழுங்குவாள். அம்மா க்ஹும் என்று ஒரு இருமல், பல்லி சொல்வது மாதிரி, முந்தானைக்குள்ளேயே முடித்துவிடுவாள். கேட்டால் உப்புக் காத்து என்பாள். நானும் பாக்கெட் ஒட்டும்போது அப்படித்தான் சொன்னேன், உப்புத் தூசி, உப்புத் தூசி என்று, ஆடியில் ஆரம்பித்த இருமல் நவராத்திரி கொலு வைக்கிற வரைக்கும் போகவில்லை, சாயங்காலம் ஆனால் கணகணவென்று ஒரு காய்ச்சல், சுடிதார் பேண்டு இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்த வேண்டியதாகிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் ஒரு வாரம் காய்ச்சல் போனது. அப்புறம், எங்கே போயிருந்தாயோ என்று கேட்கும்படி, திரும்பி வந்தது.

அப்போதுதான் முதல் தடவை இங்கே வந்தோம். அந்த நாளை நினைத்தால், ஐயோ, சிரிக்கக்கூடாது, இழு, விடு. காலையில் வருகிற சளியை டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கோயிலுக்குப் போவது மாதிரி செய்கிறவள். விடியுமுன்னாலேயே எழுப்பித் தலைக்கு ஊற்றினாள். "டாக்டரு முன்னால நாத்த வாயோட போயி நிப்பியா மூதி" என்று பல்லை ரெண்டு தடவை விளக்கச் சொன்னாள். மஞ்சள் போட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். சூடாக ஒரு காப்பி. தலையில் கனகாம்பரம். நெஞ்சில் இருந்த சளி எல்லாம் அந்தக் கொப்பளிப்பில் முற்றத்துச் சாக்கடைக் கானில் போய்ச் சேர்ந்தது, போகாதது காப்பியோடு வயிற்றுக்குப் போனது. அப்புறம் இங்கே வந்து, சுற்றிலும் ஆம்பளைகள் நிற்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி, துப்பட்டாவால் மறைத்து, ப்து என்று டப்பாவில் ஒரு துளி வைத்தேன். கோயிலில் ஐயர் தீர்த்தம் விடுவாரே, அந்த அளவு. அம்மா டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லாத் தெளிவா இருக்கு." அவ்வளவு திருப்தி அவள் முகத்தில். என் பத்தாம் வகுப்பு மார்க்குக்குக்கூட அப்படி முகம் மலரவில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எப்படி வரும்? வெறும் எச்சில். மரியாதையான எச்சில். எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் இல்லை, மேலே ஒரு ஓரத்தில் லேசாக மஞ்சு மாதிரி, பனி மூடினது போல இருக்கிறது, பார்ப்போம் என்றார்கள். அம்மாவுக்கு "ஒன்றும் இல்லை" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "பார்ப்போம்" விழவே இல்லை. நேரே போய் அம்மன் கோயிலில் சிதறுகாய் உடைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் இது பாடமாகவே இருந்தது. பொருத்துக. காசநோய், காற்று. மலேரியா, கொசு. சரியாகப் பொருத்தி முழு மார்க் வாங்கினேன். நமக்கே வந்தால் எப்படித் துப்புவது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. பதினொன்றாவதில் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றாய், ஏன் நின்றாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள், வீட்டில் கஷ்டமா, யாராவது எதுவும் சொன்னார்களா என்று. ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை. நாள் பூரா உட்கார்ந்து அடுத்தவர் சொன்னதை எழுதுவது எனக்குச் சகிக்கவில்லை. அதற்கொரு சோகக் கதை வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், என்னிடம் இல்லை. இப்போது சோகக் கதை வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுக்க ஒன்று கைவசம் இருக்கிறது, ஆனால் அதற்கும் இன்னும் பெயர் கிடைத்தபாடில்லை. புகை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. தொண்டையில் ஏதோ பிறாண்டுகிறது. வரட்டும். வா, வா. போய்விட்டது. சவம்.

லக்ஷித் இருமினான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. எங்கள் மாரிக்கனி அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள், பிள்ளை பிறந்தது, அத்தான் செல்போனில் தேடி லக்ஷித் என்று பெயர் வைத்தார், அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை, லச்சி, லச்சி என்கிறாள், பிள்ளை எதற்கும் திரும்பும். எனக்கு இருமல் என்று முதலில் அவனைத் தரவில்லை. தனித்தட்டு, தனிப்பாய், வாசல்பக்கம் படுக்கை. எனக்கு அதில் கோபமே இல்லை, சரிதானே. ஆனால் அந்த "ஒன்றும் இல்லை" வந்த அன்றைக்கு அக்காவே கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "இந்தாட்டி, ஒன் மவனத் தூக்கு. இத்தன நாளும் மொறச்சிக்கிட்டே கெடந்தல்லா." தூக்கினேன். பால் வாசனை. உச்சித் தலையில் பூப்போலத் துடிக்கிற இடம். முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டேன், கன்னத்தைக் கடித்தேன், அவன் மூக்கும் என் மூக்கும் ஒட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி. ஒரு வாரம் போல அப்படியே. அப்புறம் ஒருநாள் என் மடியில் கிடந்தபடியே இருமினான். ஒரே ஒரு இருமல், காசு போடுகிற உண்டியலை ஆட்டினது மாதிரி அவ்வளவு சின்னது. அக்கா "புரையேறிட்டு" என்றாள். புரையாகத்தான் இருக்கும். இருக்கும். ஆனால் அவன் இருமின அதே நேரத்தில் என் நெஞ்சுக்குள்ளும் ஒன்று கிளம்பியது, நான் அதை முழுங்கினேன், முழுங்கும்போது தோன்றியது: ஒன்றும் இல்லை என்றால் இது என்ன? நான் முழுங்குகிற இந்தச் சாமான் என்ன? பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். "நான் திரும்பப் போய்க் காட்டப் போறேன்" என்றேன். அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "அவுகளே இல்லன்னுட்டாக. இல்லாத சீக்க நீ போயிக் கேட்டு வாங்கிட்டு வரப் போறியாட்டி, கோட்டிக்காரி?" கேட்டு வாங்கத்தான் போகிறேன் என்றேன். கடையில் இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா.

டாக்டரம்மா சின்ன வயது, என்னைவிடக் கொஞ்சம் பெரியவர் போலத்தான் இருந்தார், ஆனால் வேகம், எனக்குப் பிடித்த மாதிரி. எடை பார்த்தார், ஊக்குக் குத்தின இடுப்பைப் பார்த்தார், பழைய எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் வைத்து அந்த மஞ்சு மாதிரி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன தடவ சளி எப்படிம்மா எடுத்தீங்க?" அம்மா பெருமையாக எல்லாவற்றையும் சொன்னாள். குளிப்பு, பல் விளக்கல், மஞ்சள், கொப்பளிப்பு, காப்பி, கனகாம்பரம் உள்பட. டாக்டரம்மா மேசையில் கை ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "கெடைக்கலன்னுதான் அர்த்தம். இல்லன்னு அர்த்தம் இல்ல. வலையில மீன் இல்லன்னா கடல்ல மீன் இல்லன்னு ஆயிருமா?" எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் பிள்ளை இருக்கிறது என்றதும் முகம் மாறிவிட்டது. பிள்ளையை இங்கே கொண்டுவந்து காட்டச் சொன்னார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், அவன் இப்போதைக்கு நன்றாக இருக்கிறான் என்றார். ஆனால் எனக்கு டி.பி. என்று உறுதியானால் அவனுக்கு நோய் வராமல் தடுக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டுமாம், சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் மூளைவரைக்கும் போகுமாம். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். நான் தாழ்த்தவில்லை. "அப்போ எனக்கு இருக்குன்னு சீக்கிரம் கண்டுபிடிங்க" என்றேன், அம்மா என் தொடையில் கிள்ளினாள். மறுநாள் பல் விளக்காமல் வீட்டிலேயே எடுத்துப் பார்த்தேன். குழாயடியில் வீட்டுக்காரம்மா குடத்தோடு நின்றாள். என்னால் முடியவில்லை. வாயைத் திறந்து அப்படியொரு சத்தம் போட எனக்கு வரவே இல்லை, எல்லாரிடமும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவள் நான், காறுவதற்கு வெட்கப்பட்டேன். மறுபடியும் எச்சில். மறுபடியும் ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த உப்புப் புகை. இதிலும் வராவிட்டால் மூக்கு வழியாக நெஞ்சுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுப்பார்கள். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் இது வேறு ஏதோ. வேறு ஏதோ என்றால் என்ன என்று கேட்டேன். "அத அப்பப் பாப்போம்" என்றார். மறுபடியும் பார்ப்போம். அந்த வார்த்தையைத் தடை செய்ய வேண்டும். வேறு ஏதோ. வேறு ஏதோ. எனக்குத் தெரிந்த பெயராகவே இருந்துவிட்டுப் போகட்டும், பொருத்துக-வில் வந்த பெயர், சீ, இதுக்கெல்லாம் யாராவது வேண்டுதல் வைப்பார்களா. அங்கே அம்மா நோய் இருக்கக் கூடாது என்று அம்மனை வேண்டுகிறாள், இங்கே நான் நோய் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன், அம்மன் பாடுதான் திண்டாட்டம்.

பிறாண்டுகிறது. மறுபடியும். இந்தத் தடவை கீழே, விலாவுக்கு உள்ளே, யாரோ பெட்டியை நகர்த்துவது மாதிரி. சிஸ்டர் கிட்டே வந்து மூடியைக் கழற்றி டப்பாவைக் கையில் கொடுத்தார். "இருமு கண்ணு." இருமினேன். கை தானாகத் துப்பட்டாவைத் தேடி வாய்க்குப் போனது. கோயில்பிள்ளை அண்ணாச்சி அங்கேயிருந்து, "என்ன பிள்ளே, பூன தும்முத மாதிரி இருக்கு?" என்றார். "நீங்க அந்தப் பக்கம் பாருங்க அண்ணாச்சி" என்றேன். "நான் எந்தப் பக்கம் பாத்தா என்ன, காதுல்லா கேக்கணும்." அம்மா பெஞ்சிலிருந்து கையால் ஜாடை காட்டுகிறாள், மெதுவா, மெதுவா என்று. ஆள் இருக்காங்க என்று. லக்ஷித்தின் உச்சியில் துடிக்கிற அந்த இடம். அவ்வளவுதான் நினைத்தேன். துப்பட்டாவை உருவி நாற்காலியில் எறிந்தேன். மூச்சை உள்ளே இழுத்து, இன்னும் இழுத்து, குனிந்து, குழாயடியில் வளவு ஆம்பளைகள் எல்லாரையும் ஒன்றாக மனசில் நிறுத்தி, காறினேன். கர்ர்ர்ர்ரென்று ஒரு சத்தம், என்னிடமிருந்தா என்று எனக்கே பயமாக இருந்தது. உள்ளே எதுவோ பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கண்ணில் தண்ணீர், காது அடைத்தது, வாய்க்குள் உப்பும் இன்னொரு கெட்ட ருசியும், முழுங்கு என்று தொண்டை சொன்னது, போடி என்று சொல்லித் துப்பினேன். மஞ்சளும் பச்சையுமாக, கெட்டியாக, டப்பாவின் அடியில் அப்படியே உட்கார்ந்தது, நகரவே இல்லை. கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை மாதம் இதையா முழுங்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் டப்பாவைச் சாய்த்துப் பார்த்து, "இதுதாம்ட்டி சளி" என்றார், சந்தோஷத்தில் அவருக்கும் "ட்டி" வந்துவிட்டது. அண்ணாச்சி கை தட்டினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், பெற்ற மகள் நடுத்தெருவில் ஆடின மாதிரி.

முடிவு வர மதியம் தாண்டும் என்றார்கள். பெஞ்சில் அம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன், இரண்டு பேருக்கும் மாஸ்க், அவளுடையதை நான்தான் தாடையிலிருந்து தூக்கி மூக்கில் ஏற்றிவிட்டேன். பசிக்கிறது. நெஞ்சு காலியானதும் வயிறும் காலியாகிவிட்டது போல. காய்ச்சல் தொடங்கினதிலிருந்து சோறு மண்ணாக இருந்தது, இன்றைக்குப் பரோட்டாவும் சால்னாவும் கண்ணில் தெரிகின்றன, பிய்த்துப் போட்டு மேலே ஊற்றி ஊற வைத்து. இருக்கிறது என்று வந்தால் தின்பேன். இல்லை என்று வந்தாலும் தின்பேன், ஆனால் ருசிக்காது. இது எனக்கு எங்கிருந்து வந்திருக்கும்? பஸ்ஸிலா? கம்பெனியில் என்னோடு பாக்கெட் ஒட்டுகிற ஒருத்திக்கும் இருமல் இல்லை. பொருத்துக: காசநோய், காற்று. யார் விட்ட காற்று? பக்கத்தில் க்ஹும் என்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா எதிரே இருக்கிற வாகை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. உப்புக் காத்து. இந்த வராந்தாவில் ஏது உப்புக் காற்று? எத்தனை காலமாக இந்தப் பல்லிச் சத்தம்? அக்கா கல்யாணத்திலேயே இருந்ததா? தாலி கட்டும்போது, கொட்டுமேளத்தில், முந்தானைக்குள்ளே? இருந்தது போலத்தான் ஞாபகம். இல்லை, ஞாபகம் இப்போது வேண்டுமென்றே சேர்க்கிறதோ. லக்ஷித்தைத் தினமும் குளிப்பாட்டுவது யார்? காலை நீட்டி, அவனைக் கால்மேல் போட்டு, குனிந்து, மூஞ்சிக்கு நேரே மூஞ்சி வைத்து, லச்சி லச்சி என்று கொஞ்சி. எனக்குத் தனித்தட்டு வைத்தோம், தனிப்பாய் போட்டோம். க்ஹும்.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "இருக்கு பிரம்மசக்தி. டி.பி.தான். சாதாரண மருந்துக்கே கேக்கும். நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்." "இருக்கா!" என்று கத்திவிட்டேன், லாட்டரி அடித்தவள் மாதிரி, வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சீக்கு வந்ததுக்குச் சந்தோசப்படுத மூதிய இப்பத்தான் பாக்குதேன்." சொல்லிக்கொண்டே அழுதாள், அழுகையின் நடுவே அந்த க்ஹும் மறுபடியும் வந்தது. நான் காத்திருக்கவில்லை. "லக்ஷித்துக்கு மருந்து எப்ப தருவீங்க? அப்புறம் எங்க அம்மாவுக்கும் ஒரு டப்பா குடுங்க." டாக்டரம்மா அம்மாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "நானே கேக்க இருந்தேன். வீட்டுல எல்லாரையும் பாக்கணும். எத்தன நாளா இருமல்மா?" "எனக்கென்ன டாக்டரம்மா, நான் கல்லுகெணக்கா இருக்கேன். அது உப்புக் காத்து." "கல்லு இருமாது எம்மா" என்றேன்.

அப்படித்தான் மறுபடியும் அதே பின்பக்க வராந்தா. இப்போது டப்பா அம்மா கையில். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். முந்தானையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். க்ஹும் என்று ஒன்று, ப்து என்று ஒன்று. எட்டிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. "எம்மா." "என்னட்டி." "மரியாதையெல்லாம் வேண்டாம். காறு." "ஆம்பளயாளு இருக்காவோ." கோயில்பிள்ளை அண்ணாச்சி இவ்வளவு நேரம் காத்துக் கிடந்து வாங்கின மாத்திரைப் பொட்டலத்தோடு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார், நின்று, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அம்மா கையிலிருந்து முந்தானையை உருவிப் பிடித்துக்கொண்டேன். முதுகில் கை வைத்தேன், எலும்பு தட்டியது, எப்போது இவ்வளவு இளைத்தாள், நான் பார்க்கவே இல்லையே. "லச்சிக்கு எம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள், உப்பு மூடையைத் தூக்குமுன் இழுப்பாளே, அந்த மாதிரி. பிறகு வந்தது. வாகை மரத்துக் காக்கை பறந்தது, ஹெலன் சிஸ்டர் உள்ளேயிருந்து ஓடி வந்தார், அண்ணாச்சி காதைப் பொத்தியும் பிரயோஜனமில்லாமல் சிரித்துக் குலுங்கினார். எங்கள் அம்மாவிடம் இவ்வளவு பெரிய சத்தம் இருக்கிறது என்று எனக்கு இந்த வயது வரைக்கும் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பழைய வழக்கம். "ஏட்டி," என்றாள், கொஞ்சம் பயமும் கொஞ்சம் கர்வமுமாக, "கலங்கலாத்தான் இருக்கு. இது போதுமாட்டி?"

"போதும் எம்மா" என்றேன். "மொதல் தரம்."